திரும்பி வரும் வழி

"எர்த் வரலை தம்பி." பைக் மெக்கானிக் கடையில் அரைநாள் உட்கார்ந்திருந்தால் இந்த வாக்கியம் எப்படியும் ஒருமுறை காதில் விழும். இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து கண்ணடிக்கிறது. பிரேக் மிதித்தால் பெட்ரோல் முள் நகர்கிறது. ஹாரன் அடித்தால் ஹெட்லைட் மங்குகிறது. மெக்கானிக் ஒரு துண்டு ஒயரை எடுத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவில் பிடித்து, மறுமுனையை டெயில் லைட் ஹோல்டரில் அழுத்துவார். கண்ணடிப்பு நின்றுவிடும். "பாத்தீங்கல்ல? எர்த்துதான்."

யோசித்துப் பார்த்தால் விசித்திரமான சொல். வண்டி நிற்பது இரண்டு ரப்பர் டயர்களின் மேல். பூமிக்கும் அதன் மின்சாரத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அப்புறம் ஏன் 'எர்த்'? அமெரிக்காக்காரர்கள் 'கிரவுண்ட்' என்பார்கள், அதுவும் தரைதான். ஜெர்மன்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் வண்டியைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்: 'மாஸ்'. உலோகத் திரள் என்று பொருள் கொள்ளலாம். நாமோ, தெரிந்தோ தெரியாமலோ, தந்திக் காலத்துச் சொல் ஒன்றை இன்னமும் பைக்கில் ஏற்றிக்கொண்டு திரிகிறோம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கம்பியை மிச்சம் பிடித்த கதை இருக்கிறது. கிட்டத்தட்ட இருநூறு வருஷத்துக் கதை. அதன் கடைசி அத்தியாயம் பெரிய டூரிங் பைக்குகளின் பெட்ரோல் டேங்குக்கு அடியில், கட்டைவிரல் அளவே உள்ள ஒரு பிளாஸ்டிக் கப்ளருக்குள் நடக்கிறது.

*

மின்சாரத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. போனால் திரும்பி வந்தாக வேண்டும். பேட்டரியின் ஒரு முனையிலிருந்து கிளம்பி, விளக்கையோ மோட்டாரையோ தொட்டுவிட்டு, மறுமுனைக்கு வந்து சேர வழி இல்லையென்றால் அது கிளம்பவே கிளம்பாது. ஆகவே தந்தி பிறந்தபோது இரண்டு கம்பி தேவைப்பட்டது. போக ஒன்று, வர ஒன்று. ஊருக்குள் பரவாயில்லை. ஊர் விட்டு ஊர், மைல் கணக்கில் இழுக்கும்போது அந்த இரண்டாவது கம்பி உறுத்தத் தொடங்கியது.

ஜெர்மனியின் முதல் ரயில் பாதை 1835ல் நியூரம்பெர்க்குக்கும் ஃபூர்த்துக்கும் இடையே திறக்கப்பட்டது. 1838ல் மியூனிக்கைச் சேர்ந்த கார்ல் ஆகஸ்ட் ஃபொன் ஸ்டைன்ஹைல் அந்தப் பாதையில் ஒரு சோதனை செய்தார். கணித மேதை காஸ் சொன்ன யோசனை அது: இரண்டு தண்டவாளங்கள்தான் ஏற்கெனவே கிடக்கின்றனவே, அவற்றையே இரண்டு கம்பிகளாக வைத்துக்கொண்டால் என்ன? சோதனை தோற்றது. தண்டவாளங்கள் மண்ணில் கிடந்ததால் மின்சாரம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மண் வழியாகவே ஒழுகிப்போனது. செய்தி தூரம் போகவில்லை.

இன்னொருவராக இருந்தால் கருவிகளை மூட்டை கட்டிக்கொண்டு போயிருப்பார். ஸ்டைன்ஹைல் அந்தத் தோல்வியைத் திருப்பிப் பார்த்தார். மண் வழியாக மின்சாரம் ஒழுகுகிறதென்றால் மண்ணே கடத்துகிறது என்றுதானே அர்த்தம்? இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு உலோகத் தகட்டைப் பூமியில் புதைத்தார். நடுவில் ஒரே ஒரு கம்பி. போகிற வழி கம்பி, திரும்பி வரும் வழி பூமி. தந்தி வேலை செய்தது. கம்பிச் செலவு பாதியாகக் குறைந்தது.

மறுவருஷமே, 1839ல், கல்கத்தா தாவரவியல் பூங்காவில் வில்லியம் ஓ'ஷாக்னஸி என்ற டாக்டர் மைல் கணக்கில் கம்பி இழுத்துத் தந்திச் சோதனைகள் செய்தார். ஹூக்ளி ஆற்றுத் தண்ணீரையே சுற்றின் ஒரு பகுதியாக்கிப் பார்த்த ஆள் அவர். பின்னால் இந்தியாவின் தந்தி வலையை அமைத்தவரும் அவர்தான். மருத்துவக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஒருவருக்கு ஆறு ஒரு ஒயராகத் தெரிந்தது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியமாகவே இருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மண் நல்ல கடத்தி கிடையாது. செம்போடு ஒப்பிட்டால் படுமோசம். ஆனாலும் பூமி வேலை செய்கிறது, ஏனென்றால் அது ரொம்பப் பெரிது. ஒரு பாதை சரியில்லையென்றால் பக்கத்தில் கோடிப் பாதைகள். அகலத்தால்தான் அது ஈடுகட்டுகிறது. இந்த வசதி பூமிக்கு மட்டுமே உண்டு. பிற்பாடு 'எர்த்' என்ற பெயரை வாங்கிக்கொண்ட மற்றவற்றுக்கு அது கிடைக்கவில்லை.

*

தந்தி ஒரு முரட்டுப் பிராணி. கட்டுக் கடகட என்று தட்டினால் போதும், கொஞ்சம் இரைச்சல் கலந்தால் ஒன்றும் குடிமுழுகாது. அடுத்து வந்த தொலைபேசி அப்படியில்லை. அதில் ஓடியது மனிதக் குரல். ஆரம்பத்தில் தொலைபேசிக்கும் ஒற்றைக் கம்பிதான், திரும்பி வர பூமிதான். விளைவு, பக்கத்து லைனில் போகும் தந்தியின் டக்டக் சத்தமும் அடுத்த வீட்டுப் பேச்சும் காதில் விழுந்தன.

1888ல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் ஃபிராங்க் ஸ்ப்ரேக் மின்சார டிராம் வலையை ஓட்டிக் காட்டினார். அதன்பின் ஊருக்கு ஊர் டிராம். மெட்ராஸுக்கும் 1895லேயே மின்சார டிராம் வந்துவிட்டது. பெரும்பாலான ஊர்களில் டிராமுக்கு மின்சாரம் மேலே தொங்கும் கம்பியில் வந்து தண்டவாளம் வழியாகத் திரும்பியது. தண்டவாளத்திலிருந்து மண்ணுக்குள்ளும் ஒழுகியது. டிராம் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் தொலைபேசியில் ஓர் ஊளை. இன்னொரு பக்கம், மண்ணுக்குள் அலைந்த மின்சாரம் சுலபமான வழி தேடி நகரத்தின் தண்ணீர்க் குழாய்களிலும் கேஸ் குழாய்களிலும் ஏறி, வெளியேறும் இடத்தில் இரும்பை அரித்துத் தின்றது. டிராம் கம்பெனிக்கு மிச்சம், குழாய்க்காரனுக்குச் செலவு.

தொலைபேசிக் கம்பெனிகள் கடைசியில் ஒருகாலத்தில் மிச்சம் பிடித்த அந்த இரண்டாவது கம்பியையே திரும்பக் கொண்டுவந்து போட்டன. 1880களிலும் 90களிலும் லைன் லைனாக ஒற்றைக் கம்பி இரட்டைக் கம்பியாக மாறியது.

நம் கதைக்கு வேண்டிய இயற்பியல் முழுக்க இந்த டிராம் சண்டையிலேயே இருக்கிறது. திரும்பி வரும் வழியைப் பலர் பகிர்ந்துகொண்டால், அந்த வழியில் கொஞ்சம் தடை இருந்தாலும் ஒருவன் இழுக்கும் மின்சாரம் மற்றவன் வீட்டில் இரைச்சலாகக் கேட்கும். இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட் கண்ணடிப்பதும் அதேதான். இண்டிகேட்டர்தான் டிராம், டெயில் லைட்தான் தொலைபேசி.

*

மோட்டார் வாகனங்கள் வந்தபோது இந்தப் பாடத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொள்ள அவசியமும் இருக்கவில்லை. 1902ல் பாஷ் கம்பெனியின் கோட்லோப் ஹோனோல்ட் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் ஸ்பார்க் பிளக்கையும் சேர்த்துக் கொடுத்தார். பிளக்கின் நடுவில் ஒரு முனை. அதற்கு ஒரு ஒயர். இன்னொரு முனை பிளக்கின் உடம்பேதான், அதை இஞ்சின் தலையில் திருகிவிட்டால் தீர்ந்தது. இஞ்சின் முழுக்க இரும்பு. திரும்பி வர அதைவிட நல்ல வழி எங்கே கிடைக்கும்?

1920களில் கார்பைட் விளக்குகள் போய் பைக்குகளில் மின்விளக்குகள் பரவின. அப்போதும் இதே தர்க்கம். விளக்குக்கு ஒரு ஒயர், திரும்பி வர வண்டியின் சட்டம். ஹாரன் பட்டனுக்கு ஹேண்டில்பாரே எர்த். பழைய பைக்குகள் பலவற்றில் ஹெட்லைட்டின் மின்சாரம் விளக்குக் கூண்டிலிருந்து ஃபோர்க்குக்கு வந்து, ஃபோர்க்கிலிருந்து ஸ்டியரிங் பேரிங்கின் கிரீஸ் பூசிய குண்டுகள் வழியாகச் சட்டத்துக்குப் போனது! ஹேண்டிலைத் திருப்பினால் விளக்கு சிமிட்டும். பிரிட்டிஷ் வண்டிகளுக்கு மின்பாகங்கள் செய்துகொடுத்த லூகாஸ் கம்பெனிக்கு 'இருட்டின் இளவரசன்' என்று கிண்டல் பெயரே உண்டு. அந்தக் கிண்டலில் எத்தனை பங்கு லூகாஸுக்குச் சேர வேண்டும், எத்தனை பங்கு பெயின்டும் துருவும் கிரீஸும் நடுவில் வந்த எர்த்துக்குச் சேர வேண்டும் என்று பிரித்துப் பார்த்தால் லூகாஸ் கொஞ்சம் பிழைப்பார் என்பது என் எண்ணம்.

பிரிட்டிஷ்காரர்கள் இதில் இன்னொரு திருகலும் வைத்தார்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையைச் சட்டத்தில் கட்டினார்கள். டெர்மினல் அரிப்பு குறையும், பிளக்குக்கு நல்லது என்றெல்லாம் அந்தக் காலத்தில் காரணம் சொல்லப்பட்டது. 1960களில் ஆல்டர்னேட்டரும் டிரான்ஸிஸ்டரும் பரவியபோது உலகம் நெகட்டிவ் எர்த்தில் நிலைகொண்டது. பிரிட்டிஷ் பைக்குகள் 70களிலும் பாசிட்டிவைப் பிடித்துக்கொண்டு நின்றன. அந்த டிரையம்ஃப், நார்ட்டன் வண்டிகளில் எர்த் ஒயரின் நிறம் சிவப்பு. இன்றைக்கு ஒரு பையன், சிவப்பென்றால் லைவ்தானே என்று நினைத்து பேட்டரியை மாட்டினால் டயோடுக்குத் திவசம்.

நிறம் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்லிவிடுகிறேன். எர்த்தைத் தேடுகிறவன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் நிறத்தைத்தான். ஹோண்டாவில் பச்சை. யமஹாவில் கறுப்பு. சுஸுகியில் கறுப்பில் வெள்ளைக் கோடு, கவாஸாகியில் கறுப்பில் மஞ்சள் கோடு. பிஎம்டபிள்யூவில் பழுப்பு. ஒரு கம்பெனியின் எர்த் நிறம் இன்னொரு கம்பெனியில் வேறெதற்காவது ஓடும். எனவே வண்டியின் ஒயரிங் படத்தைப் பார்க்காமல் நிறத்தை மட்டும் நம்பிக் கத்தரியை எடுக்கக் கூடாது.

1967ல் நார்ட்டன் கமாண்டோ வந்தது. அதிர்வு தெரியாமலிருக்க இஞ்சினை ரப்பரில் தொங்கவிட்ட வண்டி. ரப்பர் வந்தால் அதிர்வோடு சேர்ந்து எர்த்தும் அறுந்துபோகும், ஆகவே இஞ்சினுக்கும் சட்டத்துக்கும் தனியாக ஒரு கேபிள் வேண்டும். பெயின்ட், பவுடர் கோட்டிங், அலுமினியச் சட்டம், பிளாஸ்டிக் ஃபேரிங் என்று வண்டிகள் நாகரிகமாக ஆக ஆக, 'சட்டமே ஒயர்' என்ற பழைய ஏற்பாடு நைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு விளக்கிலிருந்தும் ஒரு எர்த் ஒயர் ஹார்னஸுக்குள் ஓடத் தொடங்கியது. இரண்டாவது கம்பி பைக்குக்கும் வந்து சேர்ந்தது.

முழுசாக வரவில்லை. சிக்கலே அங்கேதான்.

*

1974ல் கொலோன் மோட்டார்சைக்கிள் கண்காட்சியில் ஹோண்டா ஒரு வண்டியைக் காட்டியது. ஜிஎல்1000 கோல்டு விங். 999 சிசி, எதிரெதிராகப் படுத்திருக்கும் நான்கு சிலிண்டர்கள், தண்ணீர் குளிர்ச்சி, செயினுக்குப் பதில் ஷாஃப்ட். பார்வைக்குப் பெட்ரோல் டேங்காகத் தெரிவது டேங்கே அல்ல. திறந்தால் உள்ளே மின்பாகங்கள் இருக்கும். நிஜ டேங்க் சீட்டுக்கு அடியில். பெரிய தூரங்களுக்கான வண்டிதான், ஆனால் காற்றை மறைக்க ஒரு தகடுகூட இல்லாமல் வெற்றுடம்போடு வந்தது.

அமெரிக்கர்கள் அதற்கு ஆடை உடுத்தினார்கள். இல்லினாய் மாநிலத்தில் ராண்டூல் என்ற சிற்றூரில் கிரெய்க் வெட்டர் 'விண்ட்ஜாமர்' என்ற ஃபேரிங்கைச் செய்து விற்றுக்கொண்டிருந்தார். கோல்டு விங்குகள் அதை மாட்டிக்கொண்டன. அடுத்து ரேடியோ, கேசட், லாரிக்காரர்கள் பேசும் சிபி செட், கூடுதல் விளக்குகள், சூடேறும் ஜாக்கெட். ஹோண்டாவும் இதைப் பார்த்துவிட்டு 1980ல் ஜிஎல்1100 இன்டர்ஸ்டேட்டைத் தொழிற்சாலை ஃபேரிங்கோடு இறக்கியது. 1988ல் ஆறு சிலிண்டர், 1520 சிசி. இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு வரவேற்பறை.

கடையில் வாங்கி மாட்டிய ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஒயர். பாசிட்டிவை எங்கே கொடுப்பது என்று எல்லோரும் யோசித்தார்கள். ஃபியூஸ் வேண்டும், ஸ்விட்ச் வேண்டும், ரிலே வேண்டும். கறுப்பு ஒயரை? கைக்கு எட்டிய போல்ட்டில் முறுக்கிவிட்டார்கள். கொஞ்ச நாளில் ஸ்பீக்கரில் ஒரு ஊளைச் சத்தம் கேட்கத் தொடங்கும். ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் ஊளையின் சுருதி ஏறும். ஆல்டர்னேட்டரின் மின்சாரம் பொது எர்த் வழியாக ரேடியோவில் பாடுகிறது. 1890களின் தொலைபேசிக்காரர் ஒருவரை எழுப்பிக் கூட்டி வந்து அந்த வண்டியின் பின்சீட்டில் உட்கார வைத்திருந்தால் உடனே நோயைச் சொல்லியிருப்பார்.

அந்தத் தலைமுறைக் கோல்டு விங்குகளில் ஆல்டர்னேட்டரின் மூன்று மஞ்சள் ஒயர்கள் வந்து சேரும் கப்ளர் கருகிப்போவது பிரசித்தம். வைத்திருப்பவர்கள் கப்ளரையே வெட்டி எறிந்துவிட்டு ஒயர்களை நேராகச் சேர்த்து சால்டர் செய்துவிடுவார்கள். அது எர்த் அல்ல. ஆனால் 'கப்ளர்தான் குற்றவாளி, ஒயரல்ல' என்கிற பாடத்தை டூரிங் பைக்காரர்கள் அதில்தான் முதலில் படித்தார்கள்.

*

இப்போது அந்தக் கட்டைவிரல் அளவுச் சமாச்சாரத்துக்கு வருவோம்.

வண்டியில் இருபது முப்பது எர்த் ஒயர்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் தனித்தனியாகச் சட்டத்துக்குக் கொண்டுபோனால் ஹார்னஸ் மலைப்பாம்பாகிவிடும், செலவும் ஏறும். அதனால் ஆறு ஏழு ஒயர்களை ஒரு சின்ன கப்ளரில் சேர்க்கிறார்கள். அதற்குள்ளே சீப்பு மாதிரி ஒரு உலோகத் தகடு. சீப்பின் ஒவ்வொரு பல்லும் ஒரு ஒயரின் முனையில் செருகியிருக்கும். எல்லா ஒயர்களும் ஒன்றாகிவிடும். அவற்றில் ஒன்று மட்டும் அங்கிருந்து சட்டத்துக்கோ பேட்டரிக்கோ போகும். மேலே டேப் சுற்றி, ஹார்னஸுக்குள் மடித்து, பெட்ரோல் டேங்குக்கு அடியில் வைத்துவிடுவார்கள். தொழிற்சாலையில் இது வேகமான வேலை, நேர்த்தியான வேலையும்கூட. புது வண்டியில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

யமஹாவின் எஃப்ஜேஆர்1300 வைத்திருப்பவர்கள் இதற்கு வைத்த பெயர் 'ஸ்பைடர்'. நடுவில் குட்டி உடம்பு, சுற்றிலும் கறுப்புக் கால்கள். 2001ல் ஐரோப்பாவில் அறிமுகமான வண்டி அது. 1298 சிசி, ஷாஃப்ட், மின்சாரத்தில் ஏறி இறங்கும் விண்ட்ஷீல்டு, இரண்டு ஹெச்4 பல்புகள். 2006ல் வந்த இரண்டாம் தலைமுறையில் இந்தச் சிலந்திகள் கெட்டன.

கெடும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். சீப்பின் பல்லும் ஒயரின் முனையும் பளபளப்பான ஈயமுலாம் பூசியவை. வண்டி ஓடும்போது அதிர்கிறது. பல்லும் முனையும் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒன்றின் மேல் ஒன்று உரசுகின்றன. உரசின இடத்தில் முலாம் துகளாகி ஆக்ஸைடாகிறது. மின்சாரத்துக்கு அந்தத் துகள் ஒரு தடை. கப்ளருக்கு ரப்பர் சீல் கிடையாது, மழைத் தண்ணீரோ வண்டி கழுவின தண்ணீரோ ஈரமாக உள்ளே போகும். அப்போது செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்கிறது. தடை மெல்ல ஏறுகிறது.

ஒரு சின்னக் கணக்கு. இரண்டு ஹெச்4 பல்பும் டிம்மில் எரிந்தால் மொத்தம் 110 வாட். சுமாராக 9 ஆம்பியர். அது திரும்பி வரும் முனையில் 0.1 ஓம் தடை வந்துவிட்டது என்று வைப்போம். பத்தில் ஒரு பங்கு ஓம், சாதாரண மீட்டரில் சரியாகக்கூடத் தெரியாது. 9 ஆம்பியர் அதைக் கடக்கும்போது 0.9 வோல்ட் அங்கேயே விழுகிறது. வெப்பமாக 8 வாட்டுக்கு மேல். கடையில் கிடைக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட். அதில் மூன்றில் ஒரு பங்குச் சூடு, காற்றே போகாத ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள், மணிக்கணக்கில். முலாம் இன்னும் கெடுகிறது. முனையின் ஸ்பிரிங் பிடி தளர்கிறது. தடை இன்னும் ஏற, சூடும் இன்னும் ஏறுகிறது. ஒருநாள் பிளாஸ்டிக் உருகிவிடும்.

நடுவில் இருக்கும் காலம்தான் மோசமானது. அந்தக் கப்ளரில் ஹெட்லைட் மட்டும் இல்லையே. மீட்டர், சென்சார் போன்றவையும் அதே முடிச்சில் தொங்குகின்றன. ஹெட்லைட் 0.9 வோல்ட்டை ஏற்றிவிட்டால், அவற்றுக்கெல்லாம் 'பூஜ்யம்' என்பதே 0.9க்கு உயர்ந்துவிடும். கடல் மட்டமே ஏறிவிட்ட மாதிரி. சென்சார் சரியான அளவைத்தான் சொல்கிறது, ஆனால் எதிலிருந்து அளப்பது என்பது மாறிவிட்டது. மீட்டர் முள்ளெல்லாம் ஒரு துள்ளு துள்ளி விழும். எச்சரிக்கை விளக்குகள் காரணமில்லாமல் எரியும். ஹை பீம் போட்டதும் இஞ்சின் தடுமாறும், சில வண்டிகளில் அணைந்தே போகும். ராத்திரி, நெடுஞ்சாலை, பின்னால் லாரி. முந்துவதற்காக ஹை பீமை அடிக்கிற அந்த நொடியில் இஞ்சின் இல்லை. எர்த் என்பது சில்லறைக் கோளாறு என்று நினைப்பவர்கள் இந்தக் காட்சியை ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்க்கலாம்.

மறுநாள் காலையில் ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் வண்டி சமர்த்தாக ஓடும். கப்ளர் ஆறியிருக்கும். பேட்டரியை மாற்றுவார்கள், இக்னிஷன் ஸ்விட்சைச் சந்தேகிப்பார்கள், கம்ப்யூட்டரைக் குறை சொல்வார்கள். ஒயரிங் படத்தில் எர்த் என்பது ஒவ்வொரு பாகத்தின் கீழும் மூன்று சின்னக் கோடுகள். பாசிட்டிவ் ஒவ்வொரு அங்குலமும் வரையப்பட்டிருக்கும், ஃபியூஸ் எண்ணோடு, நிறத்தோடு. திரும்பி வரும் வழி அந்த மூன்று கோட்டில் மறைந்துபோகும். தேடுகிறவன் கண்ணும் அங்கேயே நின்றுவிடும். எஃப்ஜேஆர் ஓட்டிகள்தான் பொறுமையாக டேப்பைப் பிரித்து, சிலந்திகளை எண்ணி, எஸ்-1, எஸ்-2 என்று பெயரிட்டு, எது எதோடு சேர்கிறது என்று வரைந்து, தங்களுக்குள் ஒப்பிட்டுப் பார்த்து, எஸ்-4 என்பதுதான் அதிகம் கருகுகிறது என்று கண்டுபிடித்தார்கள். நானறிந்த உபயோகமான வரலாற்று ஆய்வுகளில் இதையும் சேர்ப்பேன்.

*

கண்டுபிடிக்கும் முறைக்கு ஒரு மல்டிமீட்டர் போதும். ஆனால் அதை எப்படி வைப்பது என்பதில்தான் விஷயம்.

"ஓம்ஸ்ல வச்சுப் பாத்தேன் அண்ணா, எர்த் சரியாத்தான காட்டுது?"

"லைட்டப் போட்டுட்டு வோல்ட்ல வச்சுப் பாரு தம்பி."

இந்த அண்ணன் சொல்வது முழு உண்மை. ஓம் அளவில் மீட்டர் அனுப்புவது துளியூண்டு மின்சாரம். முப்பது இழையில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் அது போய்விட்டு வந்துவிடும், மீட்டரும் 'நல்லாருக்கு' என்று சொல்லிவிடும். ஒத்தையடிப் பாதையில் ஒருவன் நடந்து போனதைப் பார்த்துவிட்டு லாரி போகும் என்று சொல்வதற்குச் சமம். பதிலாக மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முள்ளை நேராக பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலில் பிடிக்க வேண்டும். சிவப்பு முள்ளை, சந்தேகிக்கும் பாகத்தின் எர்த் ஒயரில். இக்னிஷனைப் போட்டு, ஹை பீம், பிரேக் லைட், இண்டிகேட்டர் எல்லாவற்றையும் எரியவிட வேண்டும். சுமை ஏறிய நிலையில் 0.1 வோல்ட்டுக்குள் காட்டினால் வழி சுத்தம். 0.2ஐத் தாண்டினால் விசாரிக்க வேண்டியதுதான். அரை வோல்ட் என்றால் எங்கோ ஏதோ சூடாகிக்கொண்டிருக்கிறது. பிறகு சிவப்பு முள்ளை அந்த ஒயரின் வழியே ஒவ்வொரு இணைப்பாக பேட்டரியை நோக்கி நகர்த்தினால், எந்த இணைப்பைத் தாண்டும்போது எண் சட்டென்று விழுகிறதோ அங்கேதான் நோய்.

பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றச் சொல்வதற்கும் இந்தக் கதைதான் காரணம். வண்டி முழுக்க நெகட்டிவ். பாசிட்டிவை முதலில் கழற்றப்போய் ஸ்பேனர் சட்டத்தில் பட்டால் தீப்பொறி பறக்கும்.

ரிப்பேரில் இரண்டு பள்ளிகள் உண்டு. கப்ளரை அப்படியே வெட்டி எறிந்துவிட்டு எல்லாக் கறுப்பு ஒயர்களையும் ஒன்றாகச் சேர்த்து சால்டர் செய்பவர்கள் ஒரு பக்கம். கப்ளரை இருக்கவிட்டு, சுத்தம் செய்து, அதிலிருந்து இன்னொரு தடித்த ஒயரை எடுத்துச் சட்டத்தின் ஒரு போல்ட்டுக்கோ பேட்டரி நெகட்டிவுக்கோ கொண்டுபோய் இரண்டாவது வழி கொடுப்பவர்கள் இன்னொரு பக்கம். சால்டரில் ஒரு சிக்கல் உண்டு. ஈயம் இழைகளுக்குள் ஊறி ஒயரை விறைப்பாக்கிவிடும், விறைப்பு முடிகிற இடத்தில் அதிர்வு அதை ஒடிக்கும். நல்ல கிரிம்பிங் பிளையரால் அழுத்தி, மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, ஹார்னஸோடு சேர்த்துக் கட்டுவதுதான் என் ஓட்டு. சால்டர் செய்தவர்களின் வண்டிகளும் வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

வெட்டும்போது செம்பைப் பார்க்க வேண்டும். களிம்பு முனையில் மட்டும் நிற்காது, ஈரம் இன்சுலேஷனுக்குள் ஊர்ந்து மேலே போகும். இழைகள் கறுத்திருந்தால் பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். கறுத்த செம்பில் ஈயமும் ஒட்டாது, கிரிம்பும் நிற்காது. நீளம் போதாவிட்டால் துண்டு ஒயர் சேர்க்கலாம். சட்டத்தில் இறங்கும் இடத்தில் பெயின்டை உப்புத்தாள் போட்டு உலோகம் தெரியத் தேய்த்து, பல் வாஷர் வைத்து லக்கை முறுக்க வேண்டும். முறுக்கின பிறகு மேலே கிரீஸ். டைஎலெக்ட்ரிக் கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தாது, ஈரத்தைத்தான் தடுக்கும். அதைத் தடவினால் கனெக்‌ஷன் நன்றாக இருக்கும் என்று நினைத்துத் தேய்க்காத பெயின்டின் மேல் அப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பெயின்ட் பெயின்ட்தான்.

கூடுதலாக மாட்டிய விளக்குகளின் எர்த்தை ஹார்னஸின் முடிச்சில் சேர்க்காமல் தனி ஒயரில் நேராக பேட்டரிக்குக் கொண்டுபோவது நல்லது. ரேடியோவின் ஊளை பெரும்பாலும் இதிலேயே அடங்கும்.

கடைசியாக, மூடுவதற்கு முன்னால் அதே அளவீடு இன்னொரு தடவை. கறுப்பு முள் பேட்டரியில், சிவப்பு முள் ஹெட்லைட்டின் எர்த்தில், எல்லா விளக்கும் எரிய, ஹாரனும் அடிக்க. மீட்டரில் 0.03, 0.04 என்று ஏதாவது நிற்கும். பூஜ்யம் வராது, எந்தக் கம்பியிலும் வராது. இனி டேங்கை ஏற்றி, ஃபேரிங்கின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக அதனதன் நீளம் பார்த்து மாட்ட வேண்டும். ரிப்பேருக்கு ஒரு மணி நேரம் என்றால் இதற்கு மூன்று மணி நேரம் பிடிக்கும்.